மார்ச் மாத ஒப்பந்தங்களைப் படிக்கும் முறை: ஓர் ஈகிள்ஸ் ரசிகை சொல்வது

2024 மார்ச் 11, திங்கட்கிழமை நண்பகல். அமெரிக்கக் கால்பந்தில் ஒப்பந்தம் முடியப்போகும் வீரர்களோடு மற்ற அணிகள் பேரம் பேசலாம் என்று கதவு திறக்கும் நேரம் அது. அன்றே பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி பிரைஸ் ஹஃப் என்பவரை மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 5 கோடியே 10 லட்சம் டாலருக்குப் பேசி முடித்தது. முந்தைய பருவத்தில் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்காக, பந்து கையை விட்டுப் போகும் முன்பே பந்தை வீசும் எதிரணி ஆளான குவார்ட்டர்பேக்கைப் பத்து முறை வீழ்த்தியவர். இந்த வீழ்த்தலைத்தான் சாக் என்கிறார்கள். அந்த வாரத்திலேயே ஸாக் பான் என்ற இன்னொருவரையும் எடுத்தார்கள். ஒரே ஆண்டு, சுமார் 35 லட்சம் டாலர். நியூ ஓர்லியன்ஸ் செயின்ட்ஸில் இருந்த நான்கு ஆண்டுகளில், பந்தை உதைக்கும்போதும் திருப்பிக் கொண்டு ஓடும்போதும் இறங்கும் சிறப்பு அணியில்தான் அவருக்குப் பெரும்பாலும் இடம். ஹஃப் வந்ததைப் பற்றி நாளெல்லாம் அலசினார்கள். பானுக்கு ஒரு வரி கிடைத்தது.

2025 பிப்ரவரி 9 அன்று, பான் அத்தனை காலம் ஓடித் திரிந்த அதே நியூ ஓர்லியன்ஸ் அரங்கில், ஈகிள்ஸ் 40–22 என்று கேன்சஸ் சிட்டி சீஃப்ஸை வென்று, பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை எடுத்தது. சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் வீசிய ஒரு பந்தைப் பறித்தவர் பான். அந்தப் பருவத்தின் சிறந்த வீரர்களைக் குறிக்கும் ஆல்-ப்ரோ முதல் அணியிலும் அவர் பெயர் இருந்தது. ஹஃப் அந்த இறுதி ஆட்டத்தன்று காயம் எதுவும் இல்லாமலே ஆடுவோர் பட்டியலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

மார்ச் மாதத்தில் இது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் இருவரைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அன்றைக்கே இருந்தது: இந்த ஆள் இங்கே வந்து என்ன வேலை செய்யப்போகிறார்? பெயர், விலை, போன வருடத்து சாக் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் கணக்குத் தணிக்கை செய்பவள். வீடு பிலடெல்பியாவுக்கு மேற்கே எக்ஸ்டனில். தம்பி இருப்பது டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில். கௌபாய்ஸ் அணியின் தலைமையகம் அவன் ஊரிலேயே இருப்பதால் விசுவாசமும் அங்கேயே. மார்ச் வந்தால் எங்களுக்குள் தொலைபேசிச் சண்டை தொடங்கிவிடும். "அக்கா, நாங்கள் யாரை எடுத்தோம் தெரியுமா?" என்று அவன் ஆரம்பிப்பான். "யாரை விட்டீர்கள், அதைச் சொல் முதலில்" என்பேன். இந்த நாட்டுக்கு வந்து இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கும் என் முதல் அறிவுரை அதுதான்.

போனவர்களை முதலில் எழுதுங்கள்

நான் பார்ப்பது தடுப்பாட்டத்தை, அதாவது எதிரணியை முன்னேற விடாமல் நிறுத்துபவர்களை. அவர்களுக்காக ஒரு தாளில் பன்னிரண்டு கட்டங்கள் போடுங்கள். களத்தில் பதினொருவர்தானே என்பீர்கள். இன்றைய அணிகள் பாதிக்கும் மேற்பட்ட நேரம் பின்களத்தில் நால்வருக்குப் பதில் ஐவரை நிறுத்துகின்றன. ஐந்தாவதாக உள்ளே வருபவர் நிக்கல் எனப்படும் கார்னர்பேக், பந்து பிடிப்பவர்களை மறைக்கும் ஆள். அவருக்காக வெளியே போகிறவர் மூன்றாவது லைன்பேக்கர், முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்களில் ஒருவர். இருவருக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். நிக்கலை உபரி ஆளாக நினைத்துப் பட்டியல் போடுகிறவர்கள் பாதி ஆட்டத்தைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

போன பருவத்தில் எந்தக் கட்டத்தில் யார் நின்றார் என்று எழுதி, வெளியேறியவர்கள் மேல் கோடு போடுங்கள். 2022 பருவத்தில் ஈகிள்ஸ் தடுப்பாட்டம் 70 சாக் எடுத்தது. இறுதி ஆட்டத்தில் 38–35 என்று தோற்றாலும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. அடுத்த மார்ச்சில் ஜாவோன் ஹார்கிரேவ் சான் பிரான்சிஸ்கோவுக்கும், டி. ஜே. எட்வர்ட்ஸ் சிகாகோவுக்கும், கைஸிர் வைட் அரிசோனாவுக்கும், சி. ஜே. கார்ட்னர்-ஜான்சன் டெட்ராய்ட்டுக்கும், மார்கஸ் எப்ஸ் லாஸ் வேகாஸுக்கும் போனார்கள். பதினொருவரில் ஐவர், அதிலும் நடுக் களத்து லைன்பேக்கர்கள் இருவரும், பின்னே நின்ற சேஃப்டிகள் இருவரும் ஒரே மாதத்தில் போய்விட்டார்கள். இவர்கள்தான் எதிரணியின் அசைவைப் பார்த்து மற்றவர்களை இடம் மாற்றி நிறுத்தும் ஆட்கள். 2023 பருவத்தில் 10 வெற்றி, 1 தோல்வி (10–1) என்று தொடங்கிய அணி 11–6 என்று முடித்து, தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃபில் முதல் ஆட்டத்திலேயே டாம்பா அணியிடம் 32–9 என்று உதை வாங்கியது. புள்ளி விட்டுக்கொடுத்த கணக்கில் 32 அணிகளில் முப்பதாவது இடம். அந்த மார்ச்சில் யார் வந்தார் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு டிசம்பர் திகைப்பாக இருந்தது. கோடு போட்டு வைத்திருந்தவர்களுக்கு அவ்வளவு இல்லை.

அடுத்து, திட்டம் யாருடையது

வீரர்களுக்கு முன்னால் தடுப்பாட்டப் பயிற்சியாளரின் பெயரைத் தாளின் தலையில் எழுதுங்கள். அந்த 2023 பருவத்தை ஈகிள்ஸ் ஷான் தேசாயோடு தொடங்கியது. இந்த அணிகள் எல்லாம் ஆடும் என்எஃப்எல் லீகில் ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு வந்த முதல் இந்திய வம்சாவளியினர் அவர். டிசம்பரில் ஆட்டத்தை நடத்தும் பொறுப்பை அவரிடமிருந்து வாங்கி மேட் பட்ரீஷியாவிடம் கொடுத்தார்கள். ஐந்து முக்கியத் தூண்களை உருவிவிட்டு மேஸ்திரியைக் குறை சொன்ன கதை என்பேன் நான். ஒப்புக்கொள்ளாதவர்கள் இங்கே நிறைய. 2024-இல் விக் ஃபாஞ்சியோ வந்தார். புள்ளிக் கணக்கில் முப்பதாவது இடம் இரண்டாவது இடமானது.

பயிற்சியாளர் மாறும்போது நல்ல வீரரும் வேறு வீரராகிவிடுவார். ஈகிள்ஸ் வரலாற்றிலேயே இதற்குக் கசப்பான பாடம் இருக்கிறது. ஓக்லண்ட் ரெய்டர்ஸில் நம்டி அசோமுகா, எதிரே நிற்கும் பந்து பிடிப்பவரை மூச்சு முட்ட ஒட்டி நின்று மறைப்பதில் பெயர் பெற்றவர். 2011-இல் ஐந்து ஆண்டுகளுக்கு 6 கோடி டாலர் என்று அவரை எடுத்தார்கள். அசாந்தே சாமுவேலும் டொமினிக் ராட்ஜர்ஸ்-க்ரொமார்ட்டியும் ஏற்கெனவே அணியில் இருந்தார்கள். மூவரும் ஓரத்தில் ஆடிப் பழகியவர்கள். களத்தில் ஓரம் இரண்டுதான். அந்த ஆண்டு தடுப்பாட்டத்தை நடத்தியவர் ஹுவான் காஸ்டிலோ. அதற்கு முன்பு அவர் தாக்குதல் வரிசைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஒட்டி மறைப்பதில் பேர்போனவரை இடம் பார்த்துக் காக்கும் வேலைக்கும் நிறுத்தினார்கள். அதே கோடையில் வந்த குவார்ட்டர்பேக் வின்ஸ் யங், அணிக்கு "கனவு அணி" என்று பெயரிட்டுத் தொலைத்தார். முடிவு 8–8.

இதற்கு நேர்மாறானது டென்வர். டல்லாஸ் 2014 மார்ச்சில் டிமார்கஸ் வேரை விடுவித்தபோது அவருக்கு வயது 31. மறுநாளே டென்வர் அவரை மூன்று ஆண்டுகளுக்கு 3 கோடி டாலர் என்று பிடித்துக்கொண்டது. அதே வாரத்தில் பின்களத்துக்கு ஆகிப் டாலிப், டி. ஜே. வார்ட். அந்த ஆண்டே கோப்பை வந்துவிடவில்லை. 2015-இல் தடுப்பாட்டத்தை நடத்த வேட் ஃபிலிப்ஸ் வந்தார். வேர் 2008-இல் ஒரே பருவத்தில் 20 சாக் எடுத்தபோது டல்லாஸில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் இதே ஃபிலிப்ஸ்தான். தெரிந்த மனிதர், தெரிந்த வேலை. அந்தப் பருவத்தில் டென்வர் மிகக் குறைந்த யார்டுகளை (எதிரணி முன்னேறிய தூரத்தை) விட்டுக்கொடுத்த அணியாக முடித்தது. ஐம்பதாவது சூப்பர் பௌலில் டென்வரின் வான் மில்லர் இரண்டரை சாக், வேர் இரண்டு, ஆட்டம் 24–10. "எங்கள் ஆளை எங்கள் பழைய பயிற்சியாளரிடமே கொடுத்து அவர்கள் கோப்பை வாங்கினார்கள்" என்று தம்பி இன்னும் பொருமுவான்.

பழைய வேலையும் புதிய வேலையும்

ஹஃபை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெட்ஸில் பந்து வீசப்படும் என்று தெரிந்த நேரங்களில் அவரை இறக்கிவிட்டு, "ஓடிப்போய்ப் பிடி" என்பார்கள். பந்து ஆட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப். கடைசிப் பருவத்தில் அணி ஆடிய ஸ்னாப்களில் பாதிக்கும் குறைவாகத்தான் களத்தில் இருந்தார். ஃபாஞ்சியோவின் ஓர லைன்பேக்கர் அப்படி இருக்க முடியாது. எதிரணி பந்தைக் கையில் கொண்டு ஓடும்போது விளிம்பை விடாமல் பிடிக்க வேண்டும். சில நேரங்களில் பின்வாங்கிப் போய்ப் பந்து பிடிப்பவரையும் மறைக்க வேண்டும். பகுதி நேர வேலையில் சிறந்தவரை முழு நேர வேலையின் சம்பளத்துக்கு எடுத்தார்கள். அந்தப் பருவத்தில் அவர் எடுத்தது இரண்டரை சாக்.

பான் கதை தலைகீழ். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஓரத்திலிருந்து பாய்ந்தவர். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2020 டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் அவரை எடுத்த செயின்ட்ஸ், என்ன செய்வது என்று கடைசிவரை முடிவு செய்யவில்லை. ஃபாஞ்சியோ அவரை நடுவே, வரிசைக்குப் பின்னால் நிறுத்தினார். பிரேசிலின் சாவ் பாவ்லோவில் கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 15 டாக்கிள் (பந்து வைத்திருப்பவரை மடக்கி வீழ்த்துவது), 2 சாக்.

ஆகவே ஒவ்வொரு புதுப்பெயருக்கும் நேரே நான்கு விஷயம் எழுதுங்கள். போன பருவத்தில் எத்தனை சதவீத ஸ்னாப்கள் ஆடினார்? எந்த டவுன்களில் (பத்து யார்டு முன்னேற எதிரணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் எவற்றில்)? எங்கே நின்றார்? பக்கத்தில் யார் நின்றார்கள்? முதலாவது, ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் அவருடைய பழைய அணியின் ஆட்டம் ஒன்றையாவது முழுதாகப் பார்த்தாக வேண்டும். யூடியூபில் இசை சேர்த்து ஓடும் துணுக்குகளைப் பார்க்காதீர்கள். வெட்டி ஒட்டியதில் எந்த வீரரும் தோற்பதில்லை.

நான்காவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எதிரணியின் இருவர் சேர்ந்து ஒருவரை மறிக்கும் இரட்டைத் தடுப்பு எப்போதும் பக்கத்து ஆள் மேலேயே விழுந்துகொண்டிருந்தால், நமக்கு வருகிறவரின் எட்டு சாக்கில் பாதி அந்தப் பக்கத்து ஆளுடையது. ஈகிள்ஸ் ஓரக்காரர்களின் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நடுவில் நிற்கும் ஜேலன் கார்ட்டரையும் சேர்த்துப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி, என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாக

"நான்கு ஆண்டுகள், 8 கோடி" என்று செய்தியில் வரும் தொகை அலங்காரம். அணி கட்டாயம் கொடுத்தே தீர வேண்டிய உத்தரவாதத் தொகை எவ்வளவு, அது எந்த ஆண்டோடு முடிகிறது என்று தேடுங்கள். உத்தரவாதம் முடியும் ஆண்டில் ஒரு கோடு கிழியுங்கள். ஒப்பந்தத்தின் உண்மையான நீளம் அதுவரைதான். ஆல்பர்ட் ஹெய்ன்ஸ்வொர்த்தை 2009-இல் வாஷிங்டன் எடுத்தபோது ஏழு ஆண்டுகள், 10 கோடி டாலர் என்றார்கள். உத்தரவாதம் 4 கோடியே சொச்சம். அடுத்த ஆண்டு புதுப் பயிற்சியாளர்கள் முன்வரிசையில் நால்வருக்குப் பதில் மூவரை நிறுத்தும் முறைக்கு மாறினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. 2010 கடைசி நான்கு ஆட்டங்களுக்கு அணியே அவரை இடைநீக்கம் செய்தது. ஏழாண்டு ஒப்பந்தம் இரண்டே பருவத்தில் முடிந்தது.

அடுத்தது, சம்பள வரம்பு. 2024-இல் ஓர் அணிக்கு 25 கோடியே 54 லட்சம் டாலர். கையெழுத்திடும்போது கொடுக்கும் போனஸ் அன்றே வீரரின் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். ஆனால் வரம்புக் கணக்கில் ஐந்து ஆண்டுகள் வரை பிரித்து எழுதலாம். 2 கோடி போனஸ், நான்காண்டு ஒப்பந்தம் என்று வையுங்கள்: ஆண்டுக்கு 50 லட்சம். இரண்டு ஆண்டுகளில் வீரரை வெளியேற்றினால் எழுதப்படாமல் மிச்சமிருக்கும் ஒரு கோடி, ஆள் இல்லாத இடத்துக்குச் செலவாக வந்து உட்காரும். செத்த பணம் என்று இவர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். போதாதென்று, வீரர் ஆடவே போகாத ஆண்டுகளை ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவைத்து போனஸை இன்னும் நீட்டிப் பரப்புகிறார்கள். என் அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளர் இப்படிச் செய்தால் இரண்டு நாள் விளக்கம் கேட்பேன். இங்கே சட்டப்படி நடக்கிறது; ஈகிள்ஸ் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன் இதில் கைதேர்ந்தவர். எங்கள் அணிக்காகச் செய்யும்போது எனக்கும் கோபம் வருவதில்லை.

இன்னொரு நுணுக்கம். ஒப்பந்தம் தானாக முடிந்து வெளியேறும் வீரர்களை இழக்கும் அணிக்கு, வாங்கியதைவிட இழந்தது அதிகம் என்றால், அடுத்த ஆண்டு டிராஃப்டில் ஈடாகக் கூடுதல் வாய்ப்புகள் கிடைக்கும்; அதிகபட்சம் நான்கு. பழைய அணி விடுவித்த வீரரை எடுத்தால் அது இந்தக் கணக்கில் சேராது. 2014-இல் டென்வர் எடுத்த வேர் அப்படிப்பட்டவர்தான். ஓர் அணி மார்ச் முழுவதும் சும்மா இருந்துவிட்டு, டிராஃப்ட் முடிந்து சில நாள் கழித்து நாலு பேரைச் சேர்த்தால் தூங்கிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கணக்கு மூடும் தேதி கடக்கட்டும் என்று காத்திருந்திருப்பார்கள்.

சூப்பர் பௌல் வென்ற கையோடு 2025 மார்ச்சில் ஈகிள்ஸ் ஜாஷ் ஸ்வெட்டை அரிசோனாவுக்கும் மில்டன் வில்லியம்ஸை நியூ இங்கிலாந்துக்கும் போக விட்டது. அந்த இறுதி ஆட்டத்தில் இருவரும் சேர்ந்து நாலரை சாக் எடுத்திருந்தார்கள். வில்லியம்ஸுக்குக் கிடைத்தது நான்காண்டு, 10 கோடியே 40 லட்சம். பானுக்கு மூன்றாண்டு, 5 கோடியே 10 லட்சம் என்று புது ஒப்பந்தம் போட்டார்கள். ஹஃபுக்கு முந்தைய ஆண்டு பேசிய அதே தொகை என்பதைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்துக்கொண்டேன். "கோப்பையோடு ஆட்களையும் கொடுத்தாயிற்றா அக்கா?" என்று குறுஞ்செய்தி வந்தது. பதில் என் தாளில் இருந்தது: கார்ட்டர், ஜோர்டன் டேவிஸ், நோலன் ஸ்மித், மூவரும் ஜார்ஜியா பல்கலைக்கழகம், மூவரும் முதல் சுற்று, மூவரும் அப்போது டிராஃப்ட் ஒப்பந்தத்தின் மலிவுச் சம்பளத்தில்.

கடையில் வாங்கிய தடுப்பாட்டத்துக்கும் வீட்டில் வளர்த்ததற்கும் உள்ள வேறுபாட்டுக்கு நியூயார்க் ஜயன்ட்ஸைப் பாருங்கள். 2015-இல் 442 புள்ளி விட்டுக்கொடுத்த அணி, அடுத்த மார்ச்சில் ஒலிவியர் வெர்னன், ஜனோரிஸ் ஜென்கின்ஸ், டேமன் ஹாரிசன் என்று பணத்தைக் கொட்டியது. 2016-இல் 284 புள்ளி, 11–5. வாங்கியது பலித்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2017-இல் 3–13.

எந்த எண்ணை நம்புவது

யார்டுகளை அரைமனதோடு. புள்ளிகளைக் கொஞ்சம் கூடுதலாக, ஆனால் நம் குவார்ட்டர்பேக் தூக்கிக் கொடுத்த பந்தில் எதிரணி ஓடி எடுக்கும் புள்ளியும் அதில் சேரும் என்பதை நினைவில் வைத்து. பந்துப் பறிப்பு எண்ணிக்கையை நம்பவே நம்பாதீர்கள். சிகாகோ பேர்ஸ் 2018-இல் 36 முறை பந்தைப் பறித்து 12–4 என்று முடித்தது. மறு ஆண்டு பறிப்பு 19, முடிவு 8–8. புள்ளி விட்டுக்கொடுப்பதில் அப்போதும் நான்காவது இடம்தான். தடுப்பாட்டம் கெட்டுப்போகவில்லை, தானாக வந்து விழுந்தவை நின்றுபோயின. 2018-இல் அதை நடத்திய ஃபாஞ்சியோ, மறு ஆண்டு டென்வருக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் பெரிதாக மதிக்கும் கணக்கு ஒன்றே ஒன்று: நால்வரை மட்டும் பாயவிட்டுக் குவார்ட்டர்பேக்கை எத்தனை முறை நெருக்குகிறார்கள்? ஐந்தாவது ஆளையும் அனுப்புவது பிளிட்ஸ். அனுப்பினால் பின்னால் ஓர் ஆள் குறையும். மஹோம்ஸுக்கு எதிரான அந்த இறுதி ஆட்டத்தில் ஃபாஞ்சியோ ஒரு முறைகூட பிளிட்ஸ் அனுப்பவில்லை. ஆறு சாக் விழுந்தது.

ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை

ஆகஸ்டுப் பயிற்சி ஆட்டங்களின் மதிப்பெண்ணைப் பார்க்கவே வேண்டாம். புதியவர் முதல் வரிசையோடு இறங்குகிறாரா, மூன்றாம் வரிசையோடா என்பதை மட்டும் குறியுங்கள். ஆகஸ்டு முடியும்வரை தாளைப் பென்சிலிலேயே எழுதுங்கள். 2025 ஆகஸ்டு 28 அன்று டல்லாஸ் தன் நட்சத்திர ஓரக்காரர் மைக்கா பார்சன்ஸைக் கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. தம்பி இரண்டு நாள் தொலைபேசியை எடுக்கவில்லை.

செப்டம்பரில் ஆட்டம் தொடங்கியதும் பந்தைப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். ஸ்னாபுக்கு முன் பின்னால் எத்தனை சேஃப்டிகள் ஆழத்தில் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள்: ஒருவரா, இருவரா. ஸ்னாப் ஆனதும் அந்த எண்ணிக்கை மாறுகிறதா பாருங்கள். ஃபாஞ்சியோ வகைத் தடுப்பாட்டம் இருவரைக் காட்டிக் குவார்ட்டர்பேக்கை ஒரு கணம் தயங்க வைக்கும். அந்தக் கணம் முன்வரிசை நால்வருக்குப் போதும். தொலைக்காட்சிக் கேமரா பின்களத்தைப் பெரும்பாலும் வெட்டிவிடும். முடிந்தால் இருபத்திரண்டு பேரும் தெரியும் மேல்கோணப் பதிவைப் பாருங்கள்.

முதல் நான்கு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். 2024-இல் ஈகிள்ஸ் 2–2 என்று ஓய்வு வாரத்துக்குப் போனது. எங்கள் ஊர் வானொலியில் தலைமைப் பயிற்சியாளரை வேலையை விட்டே நீக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது நிக்கல் கட்டத்தில் ஆள் மாறியிருந்தார். முகாமில் தொடைத் தசைப் பிடிப்பால் பின்தங்கியிருந்த கூப்பர் டிஜீன் என்ற இரண்டாம் சுற்றுப் புதுமுகம் அங்கே வந்து நின்றார். மிச்சமிருந்த 13 ஆட்டங்களில் 12 வெற்றி. பிப்ரவரியில், தன் 22-ஆவது பிறந்த நாளன்று, மஹோம்ஸின் பந்தைப் பறித்து எல்லைக்கோடு வரை ஓடிப் போய் டச்டவுன் எடுத்தவர் இவர்தான். அதனால் அணியின் ஓய்வு வாரம் முடிந்ததும் இன்னொரு தாள் எடுத்துப் பன்னிரண்டு கட்டங்களையும் புதிதாக நிரப்புங்கள். மார்ச் தாளோடு பக்கத்தில் வைத்து, எந்தெந்தக் கட்டத்தில் பெயர் மாறியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் தம்பியோடு சண்டை போட வேண்டியது அந்தக் கட்டங்களைப் பற்றித்தான்.